இடது பக்கம் வரவில்லை

மார்ச் 12, வியாழன்

காலை ஏழுக்கே வெயில். இன்று தண்ணீர் வரும் முறை. வரவில்லை. குடங்கள் வாசலில் வரிசையாக நின்றது நின்றபடி.

11 மணிக்குப் பார்சல். மாப்பிள்ளை பிரபு பெங்களூரிலிருந்து அனுப்பியது. உள்ளே ஹெட்போன் ஒன்று, காதை முழுக்க மூடும் ரகம். அதற்கென்று தனியாக ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். கறுப்பு, டிபன் பாக்ஸ் அளவு. ஒயர் இரண்டு. இங்கிலீஷில் ஒரு தாள், பொடி எழுத்து.

எல்லாம் பாப்பாவால் வந்தது. மகள் கவிதா பிரசவத்துக்கு வந்தவள் இங்கேயே இருக்கிறாள். பாப்பாவுக்கு நாலு மாதம். அது பிறந்ததிலிருந்து ஹாலில் பாட்டுக்குத் தடை. ரிடையர் ஆனதும் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரு ரிசீவரும் அதற்கான ஸ்பீக்கர் பாக்ஸ்களும்தான். அவற்றின் மேல் இப்போது பாப்பாவின் துணி காய்கிறது. போன தடவை வந்தபோது மாப்பிள்ளை இதைப் பார்த்திருக்கிறார். "பாட்டில்லாம மாமா வாடிப் போயிட்டாருங்க" என்று என் மனைவி சரோஜாவிடம் சொன்னாராம். ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை. மரியாதை தெரிந்தவர்.

போனில் அவர் சொன்னபடி குறித்துக்கொண்டது:
1. கம்ப்யூட்டரிலிருந்து ஆம்புக்கு யூ.எஸ்.பி. ஒயர்.
2. ஆம்பின் முதுகிலிருந்து சிவப்பு-வெள்ளை ஒயர், ரிசீவரின் முதுகுக்கு. 'ஆக்ஸ்' என்று எழுதிய துளை.
3. ஹெட்போன் ஆம்பின் முகத்தில்.
பாப்பா தூங்கினால் ஹெட்போன், விழித்திருந்தால் பாக்ஸ். ஒயரைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. "அஞ்சு நிமிஷ வேலைங்க மாமா."

முப்பத்தோரு வருஷம் நூல் மில்லில் ஃபிட்டர். எனக்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

ஒயர் நீளம் போதவில்லை. கம்ப்யூட்டர் மேஜையை ரிசீவர் பக்கம் இழுத்ததில் சுவரில் கோடு. சரோஜா மில்லிலிருந்து வந்ததும் பார்த்தாள். கோட்டை விரலால் ஒரு தடவை தேய்த்தாள். அதுவே போதும்.


மார்ச் 13, வெள்ளி

தண்ணீர் வந்தது, காலை 4.40க்கு. இடுப்பு வலி.

ஐந்து நிமிஷ வேலை, இன்று மூன்று மணி நேரம். எல்லா ஒயரும் சரி. ஆம்பில் நீல விளக்கு எரிகிறது. ஹெட்போனில் மூச்சில்லை. கம்ப்யூட்டர் பாட்டுக்குத் தன் சின்ன ஸ்பீக்கரிலேயே பாடுகிறது. கடைசியில் கவிதா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்த வழியா சத்தம் போகணும்னு அதுக்கு நாமதாம்ப்பா சொல்லணும்."

ஓரத்தில் எதையோ தொட்டாள். ஆம்பின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். பாட்டு வந்தது. முதல் பாட்டிலேயே தபேலா இவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. கண் கலங்கியது, எழுதினால் என்ன.

ஆனால் எல்லாம் வலது பக்கம் மட்டும். இடது பக்கம் வரவில்லை. 

ரிசீவருக்கு மாற்றிப் பார்த்தேன், குறைந்த சத்தத்தில். வலது பாக்ஸ் நன்று. இடது பாக்ஸும் நன்று. ஆகவே கம்ப்யூட்டர், ரிசீவர், சிவப்பு-வெள்ளை ஒயர் மூன்றும் நிரபராதிகள். பழுது ஹெட்போனில், இல்லையென்றால் ஆம்பின் முகத்தில்.

கவிதா பாதியில் ஓடிவந்து, "எப்பா, அத அமத்துங்க. கீய்னு ஒரு சத்தம் வருது, காது குடையுது" என்றாள். எனக்கு எந்தக் கீயும் இல்லை. பாப்பா முகத்தைச் சுளித்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு எல்லாமே சத்தமாகத்தான் இருக்கும்.


மார்ச் 14, சனி

சரோஜா காலை மில் பஸ்ஸில் போய்விட்டாள். அவளுக்கு இன்னும் மூன்று வருஷ சர்வீஸ். வேடசந்தூர் ரோட்டில் ஓடும் அந்த மஞ்சள் பஸ்ஸில்தான் நானும் அத்தனை வருஷம் போனேன். இப்போது வாசலில் நின்று டிபன் பையை எடுத்துக் கொடுக்கிறேன்.

மே மாதத்திலிருந்து என் டியூட்டி வேறு. கவிதாவுக்கு லீவு முடிகிறது. வீட்டிலிருந்தே வேலை. முன் அறையில் கதவைச் சாத்தி, காதில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க மீட்டிங். பகலில் பாப்பா என் பொறுப்பு. அவள் மாமியார் "ஒரு ஆள் வெச்சுக்கலாமுங்களே" என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரே நேரத்தில் பதினெட்டு மிஷின் பார்த்தவனுக்கு ஒரு பாப்பாவைப் பார்க்கத் தெரியாதா? வாய் விட்டே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கவிதாவுக்கு நிம்மதி. எனக்குப் பெருமை. ரிடையர் ஆனபின் ஒருவர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தது இதுதான்.

மதியம் ஹெட்போனைச் சோதித்தேன், ஃபிட்டர் முறையில். மில்லில் பேரிங் போய்விட்டதா என்று பார்க்க மீட்டர் எல்லாம் கிடையாது. நீள ஸ்குரூடிரைவர் நுனியை மிஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்த வேண்டும். உள்ளே நடப்பது அப்படியே வரும். வலது கையில் ஸ்பேனர் இருக்கும். ஆகவே எப்போதும் இடது காது. ஆயிரம் பேரிங்கை இந்தக் காது சொல்லிக் கழற்றியிருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பானதில்லை.

பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனின் இடது கிண்ணத்தில் நுனி, கைப்பிடி காதில். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினேன். சுத்தமாக ஒன்றுமில்லை.

பழுது: ஹெ.போன், இடது. உறுதி.


மார்ச் 15, ஞாயிறு

புழுக்கம். சிறுமலைப் பக்கம் மேகம், வந்தது, போனது.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வழியாக வீடியோவில் வந்தார். அவர் குரல் பாக்ஸில், ஹால் முழுக்க. பாப்பா அப்பாவைப் பார்த்துக் கை காலை உதைத்தது. நடுவில் நெட் போய் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது, வாய் பாதி திறந்தபடி.

"லைன் போயிருச்சு" என்றேன்.

"அவரு பேசிக்கிட்டுத்தாம்ப்பா இருக்காரு. படம் மட்டும்தான் நின்னுருச்சு." கவிதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பாப்பா ஏப்பம் விட்டது, மறந்துவிட்டாள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? குரல் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு இரைச்சல் போல. வார்த்தையாக வரவில்லை. நெட் சரியில்லாததால் இருக்கும்.

மாப்பிள்ளை ஒரு கோட்டைக் காட்டினார், 'பேலன்ஸ்'. நடுவில்தான் இருந்தது. "அதைய முழுசா லெஃப்ட்டுக்குத் தள்ளிட்டு, ஹெட்போன மாட்டிப் பாருங்க மாமா. கேக்குதுங்களா?"

"இல்ல மாப்ள."

"இப்பங்க?"

"இல்லப்பா."

"சரி, பக்கத்துல யாராச்சும் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

கவிதா கை நீட்டினாள். அதற்குள் பாப்பா பாலுக்கு அழுதது. உள்ளே போய்விட்டாள். சரோஜா கோழி அறுக்கும் கடையில்.

மாலை சரோஜாவும் நானும் மாடியில் துணி எடுத்தோம். கொடியின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். 'ஹெட்போன் வந்த அட்டைப் பெட்டிய எங்க வச்சீங்க?' என்று உதட்டை அசைத்தாள். 'கட்டிலுக்கு அடியில' என்று அசைத்தேன். முப்பது வருஷ வழக்கம். மில்லுக்குள் யாரும் தொண்டையை வீணாக்க மாட்டார்கள். மிஷின் இரைச்சலில் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. எல்லாம் உதடு, கொஞ்சம் கை. எங்கள் கல்யாணப் பேச்சே அப்படித்தான் நடந்தது. அவள் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில், நான் மறுகோடியில் ஏணியில். நடுவில் அறுபதடி. அவள் சம்மதம் சொன்னது அந்த இரைச்சலில் எனக்கு மட்டும் தெரியும்.


மார்ச் 16, திங்கள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ கடை அந்தோணியிடம் கொண்டுபோனேன், ஹெ.போன், ஆம்ப் இரண்டையும். இருபது வருஷப் பழக்கம். மாட்டிக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"சரக்கு அருமையா இருக்குண்ணே. இது எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"லெஃப்ட்டு வரல அந்தோணி."

"வருதேண்ணே."

"வரலப்பா."

"கணீர்னு வருதுண்ணே. ரெண்டு பக்கமும் அம்புட்டுச் சுத்தம்."

மிக்ஸி ரிப்பேருக்கு வந்திருந்த அம்மாளிடம் மாட்டிவிட்டான். அந்த அம்மாள், "ரெண்டுலயும் நல்லாத்தானே பாடுது" என்று சத்தமாகச் சொன்னார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வாங்கி மாட்டினேன். இடது பக்கம் வரவில்லை. "லூஸ் கனெக்ஷனா இருக்கும், உங்க கையில வரும்போது வருது, எங்கையில போயிருது" என்றேன். அந்தோணி ஒயரைப் பிடித்து முறுக்கினான், மடக்கினான். என்னையே பார்த்தான். நான் பணம் கொடுக்க நீட்டினதை வாங்கவில்லை.

வரும்போது முடிவு செய்தது: அந்தோணிக்கு வயசாகிவிட்டது. காது போய்விட்டது.


மார்ச் 17, செவ்வாய்

எப்படி எழுதுவது.

கவிதாவும் பாப்பாவும் மதியத் தூக்கம். நான் ஹாலில். கடைசியாக ஒரு சோதனை பாக்கி. ஹெட்போனைத் திருப்பி மாட்டுவது. 'எல்' வலது காதில், 'ஆர்' இடது காதில். செத்த கிண்ணம் வலது காதுக்கு வந்தால் வலது பக்கம் வரக்கூடாது. யாருக்கும் தோன்றும் சோதனை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஏன் செய்யவில்லை?

திருப்பி மாட்டினேன். வலது காதில் பாட்டு. தெளிவாக. செத்த கிண்ணம் பாடுகிறது. இடது காதில் ஒன்றுமில்லை.

மறுபடி திருப்பினேன். மறுபடி. ஏழெட்டுத் தடவை.

எழுந்து ஸ்குரூடிரைவர் எடுத்தேன். ஃபிரிட்ஜ் முதுகில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நுனியை ஊன்றி, கைப்பிடி வலது காதில். குர்ர்ர். இடது காதில் வைத்தேன். கையில் அதிர்வு தெரிகிறது. பல்லில்கூடத் தெரிகிறது. சத்தம் இல்லை.

எத்தனை நாளாக? போனை எப்போதும் வலது காதில் வைப்பேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு வேண்டும் என்பேன், இடது பக்க வரிசையில். கட்டிலில் சுவர் பக்கம். எல்லாம் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

வலது காதும் எவ்வளவு மிச்சம் என்று யார் கண்டது. கவிதா சொன்ன 'கீ' எனக்கு இரண்டு காதிலும் வரவில்லை.

பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன். இல்லை.


மார்ச் 18, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

இன்று செய்தவை:
- கட்டை விரலையும் நடு விரலையும் இடது காதருகே உரசிப் பார்த்தது. இல்லை.
- வலது. கொஞ்சம்.
- சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்தது. இடது இல்லை. வலது, ஒட்டி வைத்தால் உண்டு.
- பாப்பாவின் கிலுகிலுப்பை. வலதில்கூட மங்கல். அதை ஆட்டினால் பாப்பா திரும்புகிறது. நான்கு மாதக் குழந்தை திரும்புகிறது.
- நல்லெண்ணெய் காய்ச்சி விட்டது. ஒரு பயனும் இல்லை, சட்டைக் காலர் பாழ்.

ஆஸ்பத்திரி ரோட்டில் காது டாக்டர் போர்டு வரை போனேன். வாசலில் எங்கள் மில் ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் செக்ஷன். ஒருத்தர் கூப்பிட்டார் போல, கையைத் தூக்கினார். நானும் தூக்கிவிட்டு, தேங்காய் வாங்க வந்தவன் போல அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். தேங்காய் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே நாலு கிடக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் காகிதத்தில் வந்துவிடும். காகிதம் வீட்டுக்கு வரும். கவிதா படிப்பாள். அப்புறம் மே மாதம் என்னிடம் பாப்பாவை விடமாட்டாள். விடக்கூடாதுதான். நான் அவளாக இருந்தால் விடமாட்டேன். ஆனால் நான் அவளாக இல்லை.

இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சரோஜா. மாலை அவள் பஸ் இறங்கி வந்தாள், தலையெல்லாம் பஞ்சு. சூடாகத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். தேங்காய் துருவப் போய்விட்டேன்.


மார்ச் 20, வெள்ளி

மாப்பிள்ளையிடம் போனில்:

"சரியாயிருச்சுங்களா மாமா?"

"இல்ல மாப்ள. ஆம்புதான் கோளாறு. அந்தோணியும் அப்படித்தான் சொல்றான்."

"அடடா. கடையில நல்லா பாத்துத்தானுங்க வாங்குனேன். திருப்பி அனுப்புங்க, மாத்திரலாம்."

பொய் இரண்டு. அந்தோணி பேரிலும் ஒன்று. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மிஷின் மேல் நான் வீண்பழி போட்டதில்லை. சூப்பர்வைசர் ஆளைக் காப்பாற்ற மிஷின் கோளாறு என்று எழுதச் சொல்வார். எழுத மாட்டேன். அதனால் இரண்டு இன்கிரிமென்ட் போயிற்று. இன்று ஒரு டிபன் பாக்ஸ் சைஸ் பெட்டி மேல் போட்டேன். அது என்ன செய்தது? மூன்று நாள் எனக்குத் தபேலா கேட்க வைத்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆம்ப், ஹெ.போன், ஒயர் எல்லாம் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்தேன். சரோஜா சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டினாள். அவள் ஒட்டினால் மில்லில் கட்டும் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும், கத்தி இல்லாமல் பிரியாது. பரணில் ஏற்றினேன். கவிதா உள்ளே பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள், இதைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கூரியரில் போட வேண்டும்.

"நல்லாத்தான கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

"ஒரு பக்கம் வரலல்ல."

"ம்."

மேஜையைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். சுவரில் கோடு மட்டும் அப்படியே.


மார்ச் 21, சனி

இன்று எழுத்து கோணல்.

சரோஜா டியூட்டியில். கவிதாவுக்குப் பேங்கில் வேலை. "ஒரு மணி நேரத்துல வந்துர்றேம்ப்பா. பாப்பா இப்பத்தான் தூங்குச்சு. முழிச்சா சேலைத் தொட்டில செத்த நேரம் ஆட்டுங்க, அதுக்குள்ள வந்துருவேன்." கேட்டை உள்ளே பூட்டச் சொன்னாள். சாவி இன்னொன்று அவளிடம்.

மதியம் 12.10. தொட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது என்று முடிவு. கேட்காவிட்டால் பார்க்கலாமே. கண் நன்றாகத்தானே இருக்கிறது. அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. செத்த நேரம் சாயலாம் என்று சாய்ந்தேன். பேப்பரை எடுத்தேன். வலது பக்கமாக ஒருக்களித்து, கையைக் காதுக்குக் கீழே கொடுத்து. தொட்டில் முதுகுப் பக்கம்.

தூங்கவில்லை. தூங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எழுதுகிறேன். முழித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல், ஒட்டன்சத்திரம் மார்க்கெட் தக்காளி விலை படித்துக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருக்கிறது, பாப்பா நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அப்படி நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

தரையில் அதிர்வு. திரும்பினேன். கவிதா ஓடிவருகிறாள், செருப்போடு. பின்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மேரியக்கா. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, தானாக. உள்ளே பாப்பா உதைத்த உதையில். முகமெல்லாம் நீலம் பாய்ந்து, வாய் திறந்தபடி. கழுத்தில் சேலை மடிப்பு ஒன்று சுற்றியிருந்தது. இறுகவில்லை. இறுகவில்லை என்பதை இரண்டாம் தடவையும் எழுதிக்கொள்கிறேன்.

மேரியக்கா கால் மணி நேரமாகக் கேட்டைத் தட்டியிருக்கிறார். "அண்ணே, அண்ணேன்னு தொண்ட கிழியக் கத்துறேன். புள்ள தெரு முழுக்கக் கேக்க வீர்ருனு அழுகுது. உள்ள யாருமே இல்லையோன்னு நெனச்சுட்டேன்."

கவிதா பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழுகையும் கோபமும்.

"ஹெட்போன் மாட்டிக்கிட்டு இருந்தீங்களாப்பா?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி.

"ஆமாம்மா" என்றேன்.

"உங்களுக்குப் பாட்டுதான் பெருசாப் போச்சா?"

"இனிமே மாட்ட மாட்டேன்."

"அந்தக் கருமத்த இன்னைக்கே தூக்கிப் போடுங்க."

பாட்டுக் கேட்டுப் பேத்தியை அழவிட்ட தாத்தன். அந்தப் பேர் இருந்தால் ஹெட்போனைத் தூக்கிப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. மே மாதம் டியூட்டி எனக்குத்தான். காது கேட்காத தாத்தன் என்றால் தீராது. இதை நான் அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். எவ்வளவு வேகமாகப் போட்டேன் என்பதுதான் எனக்கே அருவருப்பு.

மாலை சரோஜா வந்ததும் கவிதா எல்லாவற்றையும் சொன்னாள். சரோஜா கேட்டுக்கொண்டே நின்றாள். டிபன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பரணை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பாடு: ரசம், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஏதோ. பாதியில் எழுந்துவிட்டேன்.


மார்ச் 22, ஞாயிறு

நல்ல வெயில். கறி எடுத்து வந்தேன், அரைக் கிலோ. பேகம்பூர் கடையில் கூட்டம். கடைக்காரர் ஏதோ கேட்டார். தலையாட்டினேன். எலும்பாகப் போட்டுவிட்டார்.

பாப்பா இன்று சிரித்தது, என்னைப் பார்த்தே. அதற்கு நேற்று ஞாபகம் இல்லை. கவிதா பேசுகிறாள், ஆனால் பாப்பாவை என் கையில் தரவில்லை. சொல்லிக்கொண்டு செய்யவில்லை, தானாக அப்படி நடக்கிறது.

11 மணி இருக்கும். அடுப்படியில் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், தரையில். சரோஜா அம்மியை விட்டு எழுந்து என் எதிரில் வந்து நின்றாள்.

"பெட்டி பரண்ல நான் ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு. நேத்து எதுலங்க பாட்டுக் கேட்டீங்க?"

பூண்டைப் பார்த்தேன்.  அவள் குனிந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

"எந்தக் காது?"

"இடது" என்றேன். சொன்னதும் உடைந்துவிட்டேன். "சுத்தமாப் போச்சு சரோஜா. வலதும் பாதிதான். ஆம்பு நல்லாத்தான் இருக்கு, ஹெட்போனு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் கேக்கல. நேத்து நான் தூங்கக்கூட இல்ல. முழிச்சுக்கிட்டுப் பேப்பர் படிச்சேன். பாப்பா அம்புட்டு அழுதுருக்கு, எனக்குக் கேக்கல. மே மாசம் என்னைய நம்பிப் புள்ளய விட வேணாம்னு நீயே எப்படியாச்சும் சொல்லிரு. என்னால சொல்ல முடியல."

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் மிளகாய்.

அப்போதுதான் புரிந்தது. பெட்டி, டேப், எந்தக் காது, எதையும் அவள் குரல் விட்டுக் கேட்கவில்லை. பக்கத்து அறையில் கவிதா இருக்கிறாள் என்று மில்லில் பேசுவது போல உதட்டால் மட்டும் கேட்டிருக்கிறாள். நான் அத்தனையையும் வாய் திறந்து, காது மந்தமானவன் பேசுகிற சத்தத்தில், வீடு முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நிலைப்படியில் கவிதா. எனக்கு இடது பக்கம். தோளில் பாப்பா. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். பாப்பாவின் தலை அவள் வாயை மறைத்திருந்தது. சரோஜா கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என்ன சொன்னாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.